டி ஸ்ட்ரிங் பாய்கிறது, ஈ ஸ்ட்ரிங் பதுங்குகிறது: எல்லாம் பிக்கப் உயரம்தானா?

பாளை_பேஸ் · ஞாயிறு, இரவு 9.40

வணக்கம். ஆறு வருடமாக எங்கள் சர்ச் பாடகர் குழுவில் பேஸ் கிட்டார் வாசிக்கிறேன். கையில் இருப்பது செகண்ட் ஹேண்டில் வாங்கிய பி (பிரிசிஷன்) வகை நாலு ஸ்ட்ரிங் பேஸ். 34 அங்குல ஸ்கேல் (ஸ்ட்ரிங் ஆடும் நீளம்), ஸ்ட்ரிங்கின் ஆட்டத்தைக் கேட்க ஒரே ஒரு ஸ்ப்ளிட் பிக்கப். போன மாதம் ஸ்ட்ரிங் மாற்றினேன்: 45-65-85-105 (ஜி முதல் ஈ வரை தடிமன், அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்குக் கணக்கில்), நிக்கல் ரவுண்ட்வுண்ட். அன்றிலிருந்து தலைவலிதான். டி ஸ்ட்ரிங்கில் கை வைத்தால் பாட்டை விட்டே வெளியே குதிக்கிறது. ஈ ஸ்ட்ரிங்குக்கு இறங்கினால் யாரோ கம்பளி போட்டு மூடிய மாதிரி. மிக்சரில் உட்காரும் அண்ணன் போன வாரம், "தம்பி, சரணத்தில் நீ வாசிக்கவே இல்லையே, ஏன்?" என்று கேட்டார். சரணம் முழுக்க ஈ ஸ்ட்ரிங்கில்தான் இருந்தேன்.

நானே ஸ்க்ரூ டிரைவரை எடுத்து, ஈ-ஏ பக்கத்துப் பிக்கப்பை முடிந்த மட்டும் மேலே ஏற்றினேன். சத்தம் கொஞ்சம் கூடியது. ஆனால் 12-வது ஃப்ரெட்டுக்கு (விரல் பலகையின் குறுக்குக் கம்பி) மேல் ஈ ஸ்ட்ரிங் வ்வா... வ்வா... என்று அலைகிறது. ட்யூனரில் முள் ஓர் இடத்தில் நிற்க மாட்டேன் என்கிறது. பிக்கப்பையே மாற்ற வேண்டுமா? பட்ஜெட் அவ்வளவு இல்லை.

ஃப்ரெட்_பட்டறை · ஞாயிறு, இரவு 10.25

தம்பி, முதல் வேலையாக அந்தப் பிக்கப்பை இறக்குங்கள். மற்றதை அப்புறம் பேசுவோம்.

பிக்கப்பில் இருப்பது காந்தம். ஸ்ட்ரிங் இரும்பு. ரொம்பப் பக்கத்தில் கொண்டு போனால் காந்தம் ஸ்ட்ரிங்கின் ஆட்டத்தைக் கேட்பதோடு நிற்காமல் பிடித்து இழுக்கவும் ஆரம்பித்துவிடும். நீங்கள் சொல்லும் வ்வா வ்வா அதுதான். தடித்த ஈ ஸ்ட்ரிங்கில், அதுவும் மேல் ஃப்ரெட்டுகளில், ஸ்ட்ரிங் பிக்கப்பை நெருங்கிவிடுவதால் அங்கேதான் முதலில் தெரியும். சுருதி அலையும், நோட்டும் சீக்கிரம் செத்துப்போகும். அதாவது சத்தம் கூட்டப் போய் நோட்டின் நீளத்தைக் குறைத்திருக்கிறீர்கள்.

கடைசி ஃப்ரெட்டில் ஸ்ட்ரிங்கை அழுத்திப் பிடித்துக்கொண்டு, ஸ்ட்ரிங்கின் அடிப்பக்கத்துக்கும் போல் பீஸின் (பிக்கப்பின் மேலே தெரியும் காந்தப் பொட்டு) தலைக்கும் நடுவே ஸ்டீல் ஸ்கேல் வைத்துப் பாருங்கள். ஈ பக்கம் 3 மி.மீ. சொச்சம், ஜி பக்கம் 2.4 மி.மீ. சுமார். பி வகைக்கு அது ஆரம்பப் புள்ளி. சட்டம் இல்லை, அங்கிருந்து காதை நம்பி நகருங்கள்.

இன்னொன்று. எதையும் கழற்றும் முன் இரண்டு கேள்விக்குப் பதில் சொல்லுங்கள். ஈ மட்டும் அமுங்குகிறதா, ஏ-யும் சேர்ந்து அமுங்குகிறதா? ஆம்ப்பில் மாட்டாமல் வாசித்தாலும் அப்படித்தானா? உங்கள் பிக்கப் இரண்டு துண்டு. நெக் (கழுத்து) பக்கத்துத் துண்டு ஈ, ஏ இரண்டுக்கும் பொது, பிரிட்ஜ் (ஸ்ட்ரிங் கட்டியிருக்கும் அடிமுனை) பக்கத்துத் துண்டு டி, ஜி-க்குப் பொது. ஈ-ஏ துண்டின் கம்பிச்சுருளில் பழுதென்றால் இரண்டு ஸ்ட்ரிங்கும் சேர்ந்து அமுங்க வேண்டும். ஈ மட்டும் என்றால் பிக்கப் மேல் பழி போட முடியாது.

சுருக்கிவாசி · ஞாயிறு, இரவு 11.02

இவ்வளவு எதற்கு ப்ரோ? சத்தத்தைச் சமப்படுத்துகிற கம்ப்ரசர் பெடல் ஒன்று வாங்கி மாட்டுங்கள். ரெக்கார்டிங்கில் எல்லாரும் அதைத்தானே செய்கிறார்கள். ஸ்க்ரூ திருப்பித் திருப்பி மரம்தான் தேயும்.

ஃப்ரெட்_பட்டறை · திங்கள், காலை 7.15

கம்ப்ரசர் வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் அதற்கு டி எது, ஈ எது என்று தெரியாது. எல்லை தாண்டியதை எல்லாம் அமுக்கும், அவ்வளவுதான். டி-யை அமுக்கும்போது அதன் முதல் அடியும் மழுங்கிவிடும். ஈ ஸ்ட்ரிங் எல்லையைத் தொடவே தொடாது, போர்வைக்குள்ளேயே கிடக்கும். முதலில் பேஸைச் சரி செய்துவிட்டு அதன் மேல் கம்ப்ரசர் போட்டால் கொஞ்சமாய் வேலை செய்தாலே போதும்.

எண்கணக்கு · திங்கள், காலை 8.50

நான் ஸ்ட்ரிங் பக்கமிருந்து வருகிறேன். ஒரு சின்னக் கணக்கு. கால்குலேட்டர் கூட வேண்டாம்.

ஸ்ட்ரிங்கின் தடிமனை அதன் சுருதி அதிர்வெண்ணோடு பெருக்குங்கள். அந்த எண்ணின் வர்க்கத்தை ஒட்டித்தான் இழுவிசை போகும் (ஸ்கேல் நீளம் நான்குக்கும் ஒன்றுதானே). உங்கள் செட்டுக்கு:

ஜி: 45 × 98 = 4410
டி: 65 × 73.4 = 4771
ஏ: 85 × 55 = 4675
ஈ: 105 × 41.2 = 4326

டி மேலே, ஈ கீழே. வர்க்கம் எடுத்தால் டி ஸ்ட்ரிங்கின் இழுவிசை ஈ-யை விட ஏறக்குறைய 22 சதவீதம் அதிகம். நீங்கள் சொன்ன புகார் அப்படியே இதில் இருக்கிறது பாருங்கள்: டி பாய்கிறது, ஈ பதுங்குகிறது.

இப்போது 45-60-80-107 என்று டி'அடாரியோ கம்பெனிக்காரர்கள் ஒரு செட் போடுகிறார்கள், 'பேலன்ஸ்டு டென்ஷன்' என்ற பெயரில். அதையும் பெருக்குங்கள்: 4410, 4404, 4400, 4408. முதன்முதலில் இந்தக் கணக்கைப் போட்டபோது பஸ்ஸில் உட்கார்ந்து தனியாகச் சிரித்தேன். செட்டை மாற்றுங்கள், முடிந்தது.

ஃப்ரெட்_பட்டறை · திங்கள், மதியம் 1.30

கணக்கு அழகு. ஆனால் முடிவில் ஒரு தாவல் இருக்கிறது. இழுவிசை கூடினால் சத்தம் கூடும் என்று நேராகச் சொல்ல முடியாது. இறுக்கமான ஸ்ட்ரிங் அதே விரல் பலத்துக்குக் குறைவாகத்தான் ஆடும். அந்த வகையில் பார்த்தால் டி-யின் சத்தம் குறையத்தான் வேண்டும்.

நான் பட்டறையில் பார்த்த வரை நடப்பது இரண்டு. ஒன்று, 65 தடிமனில் 60-ஐ விட இரும்பு அதிகம், பிக்கப்புக்குக் கேட்க நிறைய இருக்கிறது. இரண்டு, கை ஏமாறுகிறது. டி இறுக்கமாக இருப்பதால் விரல் தன்னையறியாமல் ஓங்கிப் போடும். ஈ தொளதொளவென்று இருப்பதால் ஓங்கிப் போட்டால் ஃப்ரெட்டில் போய் அடிக்கும், நோட்டுக்குப் பதில் தகரச் சத்தம் வரும். அதற்குப் பயந்து அங்கே விரல் தடவித்தான் கொடுக்கும். ஆக, செட் மாற்றினால் கை சமமாகும். நல்லதுதான். ஆனால் கம்பளி போட்டு மூடிய மாதிரி என்றாரே, அது கை மட்டும் செய்கிற வேலை இல்லை. தம்பி, நான் கேட்ட இரண்டு கேள்விக்கும் பதில் இன்னும் வரவில்லை.

எண்கணக்கு · திங்கள், மதியம் 1.52

ஒப்புக்கொள்கிறேன், தாவிவிட்டேன். இழுவிசைக் கணக்கு மட்டும் நிற்கட்டும்.

பாளை_பேஸ் · செவ்வாய், இரவு 10.10

மன்னிக்கவும் அண்ணா, நேற்று ஷிஃப்ட். இன்று உட்கார்ந்து செய்தேன்.

பிக்கப்பை இறக்கினேன், வ்வா வ்வா போய்விட்டது. நண்பனின் ஆடியோ இன்டர்ஃபேசில் நேராக மாட்டி, ஆடாசிட்டி என்ற ரெக்கார்டிங் சாஃப்ட்வேரில் ஒவ்வொரு ஸ்ட்ரிங்கிலும் 5-வது ஃப்ரெட்டில் பத்துப் பத்து அடி பதிவு செய்தேன். விரல் பிக்கப்பின் மேலேயே, ஒரே இடத்தில். சராசரி உச்சம் டெசிபெல் கணக்கில் (பூஜ்யத்தை நெருங்க நெருங்கச் சத்தம் அதிகம்): ஈ −19, ஏ −13, டி −9, ஜி −13. ஆக ஏ நன்றாகவே இருக்கிறது, ஈ மட்டும்தான் அமுங்குகிறது.

அப்புறம் ஆம்ப் இல்லாமல் வாசித்துப் பார்த்தேன். அறையில் மின்விசிறியை நிறுத்திவிட்டு, பேஸின் மேல் கொம்பில் காதை ஒட்டவைத்து ஒவ்வொரு ஸ்ட்ரிங்காகத் தட்டினேன். ஏ, டி, ஜி மூன்றும் ம்ம்ம்ம் என்று மண்டைக்குள் நீளமாகப் போகிறது. ஈ ஸ்ட்ரிங் 'டொக்' என்று சொல்லிவிட்டு, நாலு எண்ணுவதற்குள் காணாமல் போகிறது. புது ஸ்ட்ரிங் அண்ணா இது!

ஃப்ரெட்_பட்டறை · செவ்வாய், இரவு 10.31

ஸ்ட்ரிங் போடும்போது மிச்ச நீளத்தை எப்போது வெட்டினீர்கள்? மடக்கியபின்பா, முன்பா?

பாளை_பேஸ் · செவ்வாய், இரவு 10.36

முன்பு. மெஷின் ஹெட்டில் (சுருதி முறுக்கும் ஆணி) அளந்து பார்த்து, கட்டிங் பிளேயரால் நேராக ஒரே வெட்டு. ஈ மட்டும்தான் நீளம் அதிகமாகத் தெரிந்தது, மற்ற மூன்றையும் வெட்டவில்லை, அப்படியே சுற்றிவிட்டேன். ஏன் அண்ணா?

ஃப்ரெட்_பட்டறை · செவ்வாய், இரவு 11.05

அங்கேதான் செத்திருக்கிறது.

பேஸ் ஸ்ட்ரிங் என்பது நடுவில் ஒரு இரும்புக் கம்பி, அதன் மேல் இறுக்கிச் சுற்றிய இன்னொரு கம்பி. மேல் சுற்று உள்கம்பியைக் கவ்விக்கொண்டு இருந்தால்தான் இரண்டும் ஒன்றாக ஆடும். வெட்டினால் அந்த முனையில் கவ்வு விட்டுப்போகிறது. சுற்று நூல் பிரிவது போல உள்ளே தளர்ந்துகொண்டே வரும். வெளியே பார்த்தால் ஒன்றும் தெரியாது, பளபளவென்று இருக்கும். ஆனால் ஆட்டத்தை எல்லாம் அந்தத் தளர்வே தின்றுவிடும். அதனால்தான் வெட்ட வேண்டிய இடத்துக்குக் கொஞ்சம் முன்னால் ஸ்ட்ரிங்கைச் செங்குத்தாக மடக்கி, மடக்கிய பிறகு அதற்கு அப்பால் வெட்டச் சொல்வது. மடிப்பு சுற்றைப் பூட்டிவிடும். உள்கம்பி உருண்டையாக உள்ள செட்டில் இந்த ஆபத்து அதிகம், அறுகோணக் கம்பியில் குறைவு, ஆனாலும் உண்டு.

பழைய ஈ ஸ்ட்ரிங் வைத்திருக்கிறீர்களா? இருந்தால் தண்ணீரில் பத்து நிமிடம் கொதிக்கவைத்து, துடைத்து, நன்றாகக் காயவிட்டு மாட்டுங்கள். விரல் அழுக்கும் வியர்வையும் சுற்றுக்குள் போய் அடைத்திருப்பது வெளியே வரும். கொஞ்ச நாளைக்குத்தான் தாங்கும், சோதித்துப் பார்க்க அது போதும். சமையல் பாத்திரத்தைத் தொடாதீர்கள். அனுபவம்.

அப்படியே மற்றதையும் முடித்துவிடுங்கள். முதலில் நெக்கின் வளைவு. முதல் ஃப்ரெட்டில் கேப்போ (ஸ்ட்ரிங்கை அழுத்தும் கவ்வி), கடைசி ஃப்ரெட்டில் விரல். 8-வது ஃப்ரெட்டில் ஈ ஸ்ட்ரிங்குக்கு அடியில் 0.3 மி.மீ. இடைவெளி இருக்க வேண்டும். ஃபீலர் கேஜ் என்று இசைக்கருவிக் கடையில் தேடி அலையாதீர்கள். டூவீலர் மெக்கானிக் டாப்பெட் வைக்கும் கேஜ்தான் இது, ஸ்பேர் பார்ட்ஸ் கடையில் கிடைக்கும். ட்ரஸ் ராடை (நெக்குக்குள் இருக்கும் இரும்புத் தண்டு) திருப்ப வேண்டி வந்தால் ஒரு தடவைக்குக் கால் சுற்றுக்கு மேல் வேண்டாம். இறுகினால் நிறுத்துங்கள்.

அடுத்து ஆக்‌ஷன். அதாவது ஸ்ட்ரிங்கின் உயரம்: 17-வது ஃப்ரெட்டில் ஈ 2.4, ஜி 2.0 மி.மீ. பக்கம். நெக்கையும் ஆக்‌ஷனையும் முடிக்காமல் பிக்கப்பைத் தொட்டால், சாடிலை (பிரிட்ஜில் ஸ்ட்ரிங் உட்காரும் சின்ன இருக்கை) அசைக்கிற ஒவ்வொரு தடவையும் பிக்கப் வேலை வீணாகும்.

கடைசியாக பிக்கப். சத்தம் போடுகிறவனை இறக்குங்கள், முனகுகிறவனை ஏற்றாதீர்கள். எரிவதை இழுத்தால் கொதிப்பது அடங்கும். டி-ஜி துண்டை இரண்டு ஸ்க்ரூவிலும் அரைச்சுற்று அரைச்சுற்றாக இறக்கி, ஒவ்வொரு தடவையும் பதிவு செய்து பாருங்கள். மிக்சரில் மொத்த சத்தத்தை அண்ணன் ஏற்றிக்கொள்ளட்டும், அது அவர் வேலை.

ஜாஸ்காரன் · புதன், காலை 6.45

டி-ஜி துண்டை இறக்கினால் ஜி-யும் சேர்ந்து இறங்குமே. டி பக்கம் மட்டும் சாய்த்துவிட வேண்டியதுதானே? நான் என் ஜே (ஜாஸ்) பேஸில் அப்படித்தான் செய்கிறேன்.

ஃப்ரெட்_பட்டறை · புதன், காலை 7.20

ஜே பிக்கப்பில் நாலு மூலையிலும் ஸ்க்ரூ, சாய்க்கலாம். பி-யில் ஒரு துண்டுக்கு இரண்டே ஸ்க்ரூ, அதுவும் நெக் பக்கம் ஒன்று, பிரிட்ஜ் பக்கம் ஒன்று, துண்டின் நடுவில். ஸ்க்ரூவை வைத்து முன்னும் பின்னும்தான் சாய்க்க முடியும். ஸ்ட்ரிங்குக்கு ஸ்ட்ரிங் சாய்க்க ஒரே வழி, அடியில் இருக்கும் ஸ்பாஞ்சில் விளையாடுவது. ஜி முனைக்கு அடியில் இன்னொரு துண்டு ஸ்பாஞ்ச் வைத்தால் ஜி மேலே வரும், டி கீழே போகும்.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. ஃப்ரெட்போர்டு வளைவு, போல் பீஸ்களோ ஒரே மட்டம். 9.5 அங்குல ஆரம் உள்ள போர்டில், சாடில்கள் அந்த வளைவிலேயே இருந்தால், பிக்கப்புக்கு மேல் நடு ஸ்ட்ரிங் இரண்டும் ஓரத்து ஸ்ட்ரிங்குகளை விட 1.3 மி.மீ. வரை உயரத்தில் போகும். அப்படியும் தம்பியின் டி பாய்கிறது என்றால் அந்தச் சாடில் வளைவைப் பின்பற்றவில்லை என்று சந்தேகிக்கிறேன். டி சாடிலைப் பாருங்கள்.

சும்மா ஒரு தகவல்: 1951-ல் ஃபெண்டர் கம்பெனி முதலில் கொண்டுவந்த பிரிசிஷன் பேஸில் ஒரு ஸ்ட்ரிங்குக்கு ஒரு போல் பீஸ்தான், நேர் அடியில். 1957-ல் ஸ்ப்ளிட் பிக்கப் வந்தபோது ஒரு ஸ்ட்ரிங்குக்கு இரண்டாகி, ஸ்ட்ரிங் இரண்டுக்கும் நடுவே போகிற மாதிரி ஆனது. அதற்குப் பிறகு ஒரே போல் பீஸின் உச்சியில் அடி வந்து விழுவதில்லை.

மொட்டைமாடி · புதன், மாலை 6.05

எல்லாரும் பேஸையே பார்க்கிறீர்கள். மேடையில் அவர் காதுக்கு எது வருகிறது? திறந்த ஈ 41 ஹெர்ட்ஸ். அந்த அலையின் நீளம் எட்டு மீட்டருக்கு மேல். ஆம்ப்பை ஒட்டி நிற்கிறவருக்கு ஒன்று கேட்கும், கடைசி பெஞ்சில் வேறொன்று கேட்கும், மூலையில் மூன்றாவதாக ஒன்று கேட்கும். சின்ன காம்போ ஆம்ப் என்றால் அந்த அடி அதிர்வு வெளியே வரவே வராது, அதன் மேல் அடுக்குகளை வைத்துத்தான் காது ஈ என்று ஊகித்துக்கொள்கிறது. அவர் இன்டர்ஃபேசில் அளந்தாரே, அதுதான் சரியான வழி. ஹாலில் கேட்டு ஸ்க்ரூ திருப்பினால் ஹாலுக்குத்தான் செட்டப் செய்ததாகும்.

ஒற்றைவிரல் · புதன், இரவு 8.40

நான் கையின் கட்சி. மோட்டவுன் என்ற அமெரிக்க இசை நிறுவனத்தில் ஜேம்ஸ் ஜேமர்சன் பிரிசிஷன் பேஸை, தடித்த ஃப்ளாட்வுண்ட் (தட்டைக் கம்பி சுற்றிய) ஸ்ட்ரிங்கில், ஆள்காட்டி விரல் ஒன்றை மட்டும் வைத்து வாசித்தார். ஒரே விரல் என்பதால் அடிக்கு அடி குணம் மாறாது. நம்மில் பலருக்கு நடுவிரல் நீளம், ஆள்காட்டியை விட ஓங்கி விழும். இன்னொன்று கட்டைவிரல். பிக்கப் மேலேயே ஊன்றிக்கொண்டு ஜி வரைக்கும் எட்டினால் விரல் நீட்டிக்கொண்டு கொக்கி போட்டு இழுக்கும், ஈ-யில் மடங்கிக்கொண்டு தடவும். கட்டைவிரல் மற்ற விரல்களோடு கூடவே நகரட்டும். ராஜா சார் பாட்டுகளின் பேஸ் லைனை எல்லாம் வாசித்துப் பழகுகிறோமே, அதில் நாலு ஸ்ட்ரிங்கையும் தாண்டித் தாண்டி ஓடுகிற இடங்களை மெட்ரோனோம் வைத்து மெதுவாகப் பதிவு செய்து கேளுங்கள். எந்த ஸ்ட்ரிங்கில் கை பொய் சொல்கிறது என்று தெரிந்துவிடும்.

புதுக்கை · வியாழன், காலை 9.15

இழைக்கு நடுவே ஒரு சந்தேகம். என் பேஸில் ஜி ஸ்ட்ரிங் நன்றாகத்தான் இருக்கிறது, ஆனால் 6-வது ஃப்ரெட் நோட்டு மட்டும் பொசுக்கென்று அணைந்துவிடுகிறது. பிக்கப்பை ஏற்றலாமா?

ஃப்ரெட்_பட்டறை · வியாழன், காலை 9.50

வேண்டாம். அது டெட் ஸ்பாட். நெக்கின் சொந்த அதிர்வு அந்த நோட்டோடு ஒத்துப்போய் அதைத் தின்றுவிடுகிறது. இந்த வகை பேஸ்களில் ஜி ஸ்ட்ரிங்கில் 5 முதல் 7-க்குள் இது சகஜம். ஹெட்ஸ்டாக்கில் (நெக்கின் தலைப்பகுதி) சின்ன சி-கிளாம்ப் ஒன்றைத் துணி வைத்துக் கவ்விப் பாருங்கள். எடை கூடினால் அந்த இடம் பக்கத்து ஃப்ரெட்டுக்கு நகரும். மொத்தமாகப் போகாது. நீங்கள் அதிகம் வாசிக்காத நோட்டுக்குத் தள்ளிவிட்டால் வெற்றி என்று வைத்துக்கொள்ளுங்கள்.

பாளை_பேஸ் · பத்து நாள் கழித்து, ஞாயிறு, இரவு 8.30

வந்துவிட்டேன். எல்லோருக்கும் நன்றி, குறிப்பாகப் பட்டறை அண்ணனுக்கு.

பழைய ஈ ஸ்ட்ரிங்கைக் கொதிக்கவைத்து மாட்டினேன். (பால் பாத்திரம். அம்மா இன்னும் பேசவில்லை.) மாட்டியதுமே கொம்பில் காதை வைத்தேன், ம்ம்ம்ம் என்று போனது. நெக் வளைவு 0.5 இருந்தது, இரண்டு கால் சுற்றில் 0.3-க்கு வந்தது. டி சாடில் சந்தேகம் சரிதான்: அது ஜி சாடிலை விடத் தாழ்ந்து கிடந்தது, ஒரு பக்கம் சாய்ந்தும் இருந்தது. அதை வளைவுக்குத் தக்கபடி ஏற்றினேன். அதற்கப்புறம்தான் பிக்கப்பைத் தொட்டேன், டி-ஜி துண்டு ஒரு சுற்று கீழே. அளவு: ஈ −14, ஏ −13, டி −11, ஜி −14.

சனிக்கிழமை 45-60-80-107 வந்தது. இந்த முறை மடக்கித்தான் வெட்டினேன். ஏ ஸ்ட்ரிங்குக்கு மேலே ஸ்ட்ரிங் ட்ரீ (ஸ்ட்ரிங்கைக் கீழே அழுத்திப் பிடிக்கும் கொக்கி) இல்லாததால் போஸ்டில் கீழ்நோக்கி மூன்று சுற்று விட்டேன், திறந்த ஏ-யில் முன்பு கேட்ட லேசான கிர்ர் போய்விட்டது. ஜி முனைக்கு அடியில் ஸ்பாஞ்ச் வைத்தேன். இப்போது ஈ −13, ஏ −13, டி −12, ஜி −13. அந்த ஒரு டெசிபெல்லை அப்படியே விட்டுவிட்டேன். டி-யில் வாசிக்கும்போது கொஞ்சம் முன்னால் வருவது பாட்டுக்கு நன்றாகத்தான் இருக்கிறது.

இன்று ஆராதனை முடிந்ததும் மிக்சர் அண்ணனிடம் போய் நின்றேன். "பேஸ் எல்லா இடத்திலும் கேட்கிறது தம்பி" என்றார். அப்புறம், "ஆனால் சரணத்தில் கீபோர்டுத் தம்பியும் இடது கையில் அதே நோட்டைத்தான் வாசிக்கிறான். இத்தனை நாள் நான் கேட்டது உன்னையா, அவனையா என்று இப்போதுதான் சந்தேகம் வருகிறது" என்றார்.

கீபோர்டுக்காரன் என் தங்கை மாப்பிள்ளை. அதற்கு எந்த ஸ்க்ரூவைத் திருப்புவது அண்ணா?

ஃப்ரெட்_பட்டறை · ஞாயிறு, இரவு 8.41

அது பட்டறை வேலை இல்லை தம்பி, வீட்டு விஷயம். ஆனால் அவர் கீபோர்டில் ஸ்ப்ளிட் பாயின்ட் என்று ஒன்று இருக்கும், இடது கைக்கு ஒரு சத்தம், வலது கைக்கு ஒரு சத்தம் என்று பிரிக்கிற இடம். அவர் டீ குடிக்கப் போகும்போது பாருங்கள்.